கிணற்று நீரும் அன்னதானமும்
(மாவனல்லையில் எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமயப் பேச்சை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாம் எடுத்துக்கொண்டதோ தண்ணீர். எனினும் அன்னதானம் நம் சமயத்துக்குப் புறம்பானதன்று. தண்ணீரின்றி அன்னதானமும் இல்லை. ஆகவே சிறிது நேரம் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதித் தோட்டமொன்றில் திருவிழா முடிந்த மூன்றாம் நாள், லயமெங்கும் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். ஒருவர் பருப்பைக் குறை சொன்னார். மற்றொருவர் கண்ணூறு என்றார். சமைத்தவர்களோ முழுகி, விரதமிருந்து, வாய்கட்டிச் சமைத்தவர்கள். அவர்கள் மனம் நொந்து நின்றதை நாம் நேரிற் கண்டோம். கிணற்றை மட்டும் ஒருவரும் ஐயுறவில்லை. மேட்டில் மலசலகூடம், பள்ளத்தில் கிணறு, அதற்கு முந்திய வாரம் முழுதும் அடைமழை. நீர்தான் காரணமென்று எவரும் சோதித்துச் சொல்லவில்லை. சோதிக்காமல் விட்டதுதான் இன்றும் எம் மனத்தை உறுத்துகிறது.

மிஷன் பாடசாலையில் எமது விஞ்ஞான ஆசிரியர் ஒரு கதை சொல்வார். 1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் புரோட் வீதிக் குழாய்க்கிணற்றின் நீரால் வாந்திபேதி பரவி 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நீர் ருசியிற் பெயர்பெற்றது. வேறிடத்துக்குக் குடிபோன ஓர் அம்மையார் அதன் ருசியை மறக்கமாட்டாமல் நாள்தோறும் வருவித்துக் குடித்து இறந்தார். அந்நீரைக் கலந்து சர்பத் விற்ற கடைகளும் இருந்தன என்று டாக்டர் ஜோன் சினோ எழுதியிருக்கிறார். அவர் சொற்படி செப்டெம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அருகிலிருந்த பியர்ச் சாலைத் தொழிலாளர்களோ தப்பினர். அவர்களுக்குத் தனிக் கிணறு இருந்தது, குடித்ததும் பெரும்பாலும் பியரே. (இதைக் கேட்டு எவரும் தவறணைப் பக்கம் புறப்பட வேண்டாம்!)

இக்கதையில் நாம் கவனிக்கவேண்டியது சர்பத்தைத்தான். சோற்றுக்கு உலையேற்றும் நீர் கொதிக்கிறது. அதிலுள்ள கிருமி மாய்கிறது. ஆனால் பானகத்துக்கும் மோருக்கும் ஊற்றும் நீர் கொதிப்பதில்லை. தேங்காய்ச் சட்டினியிற் கலக்கும் நீர், வாழையிலை கழுவும் நீர், பரிமாறுவோர் கைநனைக்கும் நீர், கழுவிக் கவிழ்த்த அண்டாவின் அடியில் நிற்கும் நீர், இவை எவையும் அடுப்பைக் கண்டவையல்ல. வீட்டில் ஐஸ்பக்கற் செய்து விற்கும் சகோதரிகளும் இதைக் கேட்கவேண்டும்: குளிரிற் கிருமி உறங்குமேயன்றிச் சாவதில்லை. 2007இல் கம்பளையில் செங்கண்மாரி பரவியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நோயும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவதே.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. வெளிற்றும் தூள் என்று நாம் பாடசாலையிற் படித்தது, கடையில் ‘பிளீச்சிங் பவுடர்’ என்று கேட்டாற்றான் கிடைக்கும். கிணற்றின் விட்டம் ஒன்றரை மீற்றரும் நீரின் ஆழம் இரண்டு மீற்றருமாயின் ஏறத்தாழ 3,500 லீற்றர் நீர் உண்டு. ஆயிரம் லீற்றருக்கு இரண்டரை கிராம் என்ற வழக்கமான கணக்கில், நல்ல தூள் ஒன்பது கிராமளவு போதும். வாளி நீரிற் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் கிணற்றிற் கலந்து, குறைந்தது ஒரு மணி நேரம் விடவேண்டும். திறந்துகிடந்து காற்றுப்பட்ட பழைய தூளுக்கு வலுவில்லை. கலங்கல் நீரிலும் அது சரிவர வேலை செய்யாது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த நாளிற் பெய்ததைப் போன்ற மழையில் வெள்ளம் புகுந்த கிணறாயின், முதலில் இறைத்துச் சேறகற்ற வேண்டும். அதற்குத் தூளின் அளவும் கூடும். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்பதே முறை.

கொதிக்கவைத்தால் எல்லாம் தீரும் என்றும் எண்ணற்க. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கொதிநீரால் என்ன பயன்? மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் தோட்டங்களிலும் களைநாசினி தெளித்த கலத்தைக் கிணற்றடியிலும் பீலியடியிலும் கழுவும் பழக்கம் உண்டு. அதை இன்றே நிறுத்தவேண்டும். அந்நஞ்சு அடுப்பிற் சாகாது.

இவ்வாண்டு அன்னதானத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே பரிசோதகரை அழைத்து, கோயிற் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பச் சங்கத்தார் இசைந்துள்ளனர். முடிவு எதுவாயினும், பானகத்துக்கும் மோருக்கும் கொதித்தாறிய நீரே. முதல்நாள் மாலை கொதிக்கவைத்து மூடிவைக்க, மூடியுள்ள பெரிய அண்டா இரண்டு வேண்டும். விறகுக்கு இளைஞர் பொறுப்பு. அண்டா தரக்கூடிய தாய்மார் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயரைச் சொல்லுங்கள்.