வெயில் உள்ள ஊரில் வைட்டமின் ‘டி’ குறைவு



தலைநகர் தில்லியில் வாழும் நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நம் இளைஞருள் சிலர் இடுப்பு வலி, தசைச் சோர்வு என்று மருத்துவரை நாடி, வைட்டமின் ‘டி’ குறைவு என்ற சோதனைச் சீட்டுடன் திரும்புகின்றனர். ‘இது முதியோர்க்கு வருவதன்றோ?’ என்று பெற்றோர் திகைக்கின்றனர்.

திகைக்க வேண்டுவதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தில்லி ஆய்வொன்றில், நலமுடன் இருந்த மருத்துவர், செவிலியரிடமே இச்சத்து மிகக் குறைந்திருந்தது. வெட்டவெளியில் பயிற்சி பெறும் படைவீரரிடம் கூடியிருந்தது. கதிரவன் வானில் இருப்பது வேறு. அவன் கதிர் நம் தோலில் படுவது வேறு. சன்னற் கண்ணாடி வழியே வரும் வெயிலால் இச்சத்து உண்டாவதில்லை. கறுத்த தோலுக்கு வெயில் கூடுதலாக வேண்டும். மீனும் முட்டைக் கருவும் நீங்கலாக, நம் உணவில் இச்சத்து மிகச் சிறிதே. நொய்டாவிலும் குருகிராமிலும் இரவுப் பணியாற்றிப் பகலில் உறங்கும் பிள்ளைகளுக்கு இது எங்ஙனம் கிட்டும்?

இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருப்பதைக் குறைவு என்பர். அதற்கு 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒரு முறையாக 8 வாரம் உட்கொள்ளச் செய்வது வழக்கம். உணவுக்குப்பின் உண்டால் நன்கு சேரும்.

இங்கே இரு பிழைகள் நேர்கின்றன. வார மருந்தை நாள்தோறும் உண்பது ஒன்று. மிகுந்த சத்து உடலில் தேங்கி, இரத்தத்தில் சுண்ணச்சத்தைப் பெருக்கிச் சிறுநீரகத்தையே கெடுக்கும். வாந்தியும் தீராத் தாகமும் அதன் அறிகுறிகள். எட்டு வாரத்தோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது மற்றொன்று. அவ்வாறு மருந்துண்டோரை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட இந்திய அறிஞர், ஓராண்டிற்குள் குறைவு மீண்டதைக் கண்டனர். ஏரியை ஒருமுறை நிரப்பிவிட்டு வரத்துக்காலை அடைத்தால் நீர் நிற்குமா?

ஆகவே, நிரப்பியபின் காத்தலும் வேண்டும். வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 600 யூனிட் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் கூறிய அளவு. வெயில் கிட்டாதோர் மருத்துவர் சொற்படி சிற்றளவு மருந்தைத் தொடரலாம்.

குளிர்காலத்தில் நம் குடியிருப்பு இளைஞரின் ஞாயிறு ஆட்டங்களை மாலையினின்று நண்பகலுக்கு மாற்றுவோமாக! பிறந்த மண்ணைவிட்டு உழைக்க வந்த பிள்ளைகளின் எலும்பு உறுதி, நம் குடும்பங்களின் உறுதியன்றோ?