மணல்வெளியில் மின்சார வண்டி

கால் தளர்ந்த தந்தைக்கு ஒரு மின்சார வண்டி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கடல் கடந்து வாழும் மகன் விரும்புகிறான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் முதியோர்கள் சிறியதொரு வண்டியில் அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு, பிறர் துணையின்றிக் கடைத்தெருவுக்குப் போய்வருவதை அவன் நாள்தோறும் காண்கிறான். தந்தை இருப்பதோ மன்னார்த் தீவின் தென்கரையில், தாழ்வுபாடு என்னும் கடற்றொழிற் கிராமத்தில். இத்தகைய குடும்பங்கள் அக்கரையில் இன்று அரியன அல்ல. 2009ஆம் ஆண்டில் ஓய்ந்த போரிலே கால் இழந்தோரும், நீரிழிவினால் கால் அகற்றப்பெற்றோரும், முழங்கால் வாதத்தால் முடங்கினோரும் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களுள் யாருக்கு இவ்வண்டி பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைப் பணம் செலவாகுமுன் ஆராய்தல் நன்று.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அலன் தீம் என்பவர், நரம்பு நோயுற்ற தம் குடும்பத்தவர் ஒருவருக்காக 1968ஆம் ஆண்டில் அமைத்த வண்டியே இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. சிறிது தூரம் நடக்கக்கூடியவர், ஆனால் நெடுந்தூரம் நடக்க இயலாதவர், இவர்க்கென எழுந்தது அது. ஆகவே செலுத்துபவரிடம் அது சில ஆற்றல்களை எதிர்பார்க்கிறது. இருக்கையில் தாமாக ஏறி இறங்க வேண்டும். சாயாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இரு கைகளாலும் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். கண்பார்வை தெளிவாயிருக்க வேண்டும். தோளும் கையும் வலுவிழந்தவர்க்கு, விரலசைவால் இயங்கும் மின்சாரச் சக்கர நாற்காலியே தக்கது. நீரிழிவினால் பாதம் உணர்விழந்தவரின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. பாதம் தட்டிலிருந்து நழுவி வேலியில் உராய்ந்தாலும் அவர் அறியார். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அடுத்த முறை செல்லும்போது இதனை மருத்துவரிடம் கேட்டறிவது பணச்செலவில்லாத காரியம். நாளும் சிறிது நடக்கக்கூடிய ஒருவர் வண்டி வந்ததும் நடையை அடியோடு விட்டுவிட்டால், எஞ்சியிருக்கும் காலின் வலுவும் குன்றிவிடும் என்பதையும் அவர் எடுத்துரைப்பார்.

உடல் இடங்கொடுத்தாலும் வழி இடங்கொடுக்க வேண்டுமே! மன்னார்த் தீவில் மலையில்லை, மேடும் மிகுதியில்லை. அவ்வகையில் வண்டிக்கு அது உவப்பான நிலம்தான். இடர்ப்பாடு மணலில் இருக்கிறது. இவ்வண்டிகளின் சில்லுகள் சிறியவை. வண்டியின் அடித்தட்டும் நிலத்துக்கு மிக அருகில் இருப்பது. சீமெந்துத் தரைக்கும் தார்வீதிக்குமென அமைந்த அவை, தளர்ந்த மணலில் புதைந்து சுழலும். மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். பற்றரி விரைவில் இறங்கும். பாதுகாப்பு ஆளி விழுந்து வண்டி நின்றுவிடும். பெரிய வண்டியாயின் பற்றரியோடு 100 கிலோவுக்கும் மேற்பட்ட எடை. அமர்ந்திருப்பவரை இறக்கி, வண்டியை இருவர் மூவர் தூக்கித் திருப்ப வேண்டும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் நேற்று இறுகியிருந்த ஒழுங்கை இன்று மணல்மூடிக் கிடப்பதும் உண்டு.

தந்தை போக விரும்பும் இடங்கள் எவை? பெரும்பாலும் மூன்றே. ஞாயிறன்று ஆலயம். மருந்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மன்னார் நகரம். மூன்றாவது, விடியற்காலையில் வள்ளங்கள் கரையேறும் இடம். நகரத்துக்கு இவ்வண்டி வேண்டியதில்லை. சிறிய வகை மணிக்கு 4 மைல் வேகத்தில் ஊர்வது. வீதியில் லொறியும் பேருந்தும் விரையும், மன்னாருக்கே உரிய கழுதைகளும் நடுவே நின்று வழிமறிக்கும். அப்பயணத்துக்கு முச்சக்கர வண்டியே போதும். ஆலயத்துக்கு இது பெரிதும் உதவும். ஆனால் வாசற்படிக்கு ஒரு சரிவுப்பாதை வேண்டும். இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் வலுக்குறைந்தோரின் உரிமைகளைக் காப்பது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. விதியைக் காட்டி வாதிடுவதைவிடப் பங்கு மக்கள் ஒரு சனிக்கிழமை கூடிச் சீமெந்து குழைத்தால் காரியம் விரைவில் முடியும்.

கடற்கரைதான் கடினமானது. ஐம்பது ஆண்டு கடலோடு வாழ்ந்தவருக்கு அங்கே போவது பொழுதுபோக்கன்று. வள்ளம் என்ன கொண்டுவந்தது, மீன் என்ன விலைக்குக் கூறப்பட்டது, எந்த வலை கிழிந்தது என்பவற்றை நேரிற் கண்டு ஒரு வார்த்தை சொன்னால்தான் அவர் இன்னமும் தொழிலாளி. திண்ணையில் இருந்து பிறர் வாய்மொழியாகக் கேட்டால் அவர் நோயாளி. மகன் அனுப்ப எண்ணும் வண்டி, வீதி முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். அவர் மிகவும் விரும்பும் இறுதி நூறு முழத்தை அது கடக்காது. அந்த நூறு முழத்துக்கு ஒரு குறுகிய சீமெந்துப் பாதை இடுவதற்கு, வண்டிக்கான பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்குவது பற்றி ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேசிப் பார்க்கலாம். பாதை அமைந்தால் சாதாரணச் சக்கர நாற்காலியும் அங்கே போகும். பேரன் தள்ளிச் செல்வான். கைவலு மிக்க இளையோர்க்குக் கையாற் சுழற்றிச் செலுத்தும் மூன்று சில்லு வண்டியும், ஊர்விட்டு ஊர் செல்வோர்க்குப் பக்கச் சில்லுகள் பொருத்திய பெற்றோல் ஸ்கூட்டரும் பெரும்பாலும் இதைவிட ஏற்றவை. அவற்றைப் பழுதுபார்க்கவும் உள்ளூரில் ஆளுண்டு.

இவ்வளவுக்குப் பின்னும் மின்சார வண்டியே வேண்டுமென்று துணிந்தால், மூன்று சில்லு வண்டி குறுகிய இடத்தில் திரும்பும், ஆயினும் விரைந்து திருப்பினால் கவிழக்கூடும். நான்கு சில்லு வண்டி உறுதியானது, திரும்புவதற்கு இடம் மிகுதியாக வேண்டும். கடலுப்பு மின்னிணைப்புகளை அரிக்கும். ஆகவே நாள்தோறும் உலர்ந்த துணியால் துடைத்து உள்ளறையில் நிறுத்த வேண்டும். ஈயப் பற்றரியை இறங்கிய நிலையில் கிடக்கவிட்டால் அது கெட்டுப்போகும். கனடாவில் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ற், இலங்கையில் 230 வோல்ற். மின்னேற்றியில் இரண்டுக்கும் ஏற்றது என்று பொறிக்கப்படாவிட்டால், முதல் இரவிலேயே அது எரிந்துவிடலாம். பற்றரியின் வகையை விமானக் கம்பனியிடம் முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெறுதலும் வேண்டும்.

படலையின் அகலம், வாசற்படியின் உயரம், வீட்டிலிருந்து ஆலயம் வரை மணல் கிடக்கும் இடங்கள், தந்தையின் எடை ஆகியவற்றை யாரேனும் ஒருவர் அளவுநாடாவோடு நடந்து பார்த்து, ஒரு தாளில் எழுதி மகனுக்கு அனுப்பட்டும். அத்தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு அவன் கடைக்குப் போகட்டும்.