பலியும் பாவநிவிர்த்தியும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வெள்ளி விழா மேடைகளில் ‘தியாகம்’ என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. யார், யாருக்காக, யாருடைய விருப்பத்தின்பேரில் பலியானார் என்பதே அது. அதற்கு விடையை நான் விவிலியத்தில் தேடினேன். இவ்வவையில் கிறிஸ்தவர்களும் இருக்கிறீர்கள்; பிற சமயத்தவரும் இருக்கிறீர்கள். மதம் பரப்புவது என் நோக்கமன்று. ஒரு பழம்பெரும் நூலிலிருந்து நம் வாழ்வுக்கு வேண்டிய பாடத்தை எடுத்துக்கொள்வதே என் நோக்கம்.

லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தில் ஒரு சடங்கு கூறப்பட்டுள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏழாம் மாதம் பத்தாம் நாளில், இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்திச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலியிடப்படும். மற்றொன்றின் தலைமீது பிரதான ஆசாரியன் தன் இரு கைகளையும் வைத்து, மக்களுடைய அக்கிரமங்கள் எல்லாவற்றையும் அறிக்கையிடுவான். பிறகு அது வனாந்தரத்துக்குத் துரத்தப்படும். தமிழ் விவிலியம் அதனைப் ‘போக்காடு’ என்று அழைக்கிறது.

அந்த ஆடு செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. பிறர் பாவத்தைச் சுமந்து ஊருக்கு வெளியே போவதே அதன் விதி.

இதனைப் படிக்குந்தோறும் நம் முன்னோர் என் நினைவுக்கு வருகின்றனர். ஊரின் அழுக்கு, செத்த மாடு, சாவுப் பறை ஆகிய அனைத்தையும் அவர்கள்மேல் சுமத்தி, அவர்களை ஊருக்குப் புறத்தே குடியிருத்தி, ஊர் தன்னைத் தூய்மையானது என்று சொல்லிக்கொண்டது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஆசாரியன், ‘இவை எங்கள் பாவங்கள்’ என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டான். இங்கேயோ ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘இது உன் முற்பிறவி வினை’ என்று பழியையும் நம் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள்.

அன்பர்களே, அந்தப் பழைய திருமறைச் சட்டமே இரத்தத்தோடு மனநிறைவு கொள்ளவில்லை. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். பிறனுக்குத் தீங்கிழைத்தவன் தன் பாவத்தை அறிக்கையிட வேண்டும். பறித்த முதலைத் திருப்பித் தர வேண்டும். அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். ஆடு மேய்த்து வாழ்ந்த ஆமோஸ் தீர்க்கதரிசி, நீதியில்லாதவர்களின் பலிகளையும் பண்டிகைகளையும் கடவுள் வெறுக்கிறார் என்று துணிந்து முழங்கினார். இயேசு பெருமானோ, உன்மேல் சகோதரனுக்குக் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்றார். எரிகோவில் வரி வசூலிப்போர் தலைவனாயிருந்த சகேயு, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய்ப் பெற்றதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் கூறினான். அதன்பின்னரே அவ்வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவித்தார்.

ஆகவே ஒப்புக்கொள்ளுதல், திருப்பிக் கொடுத்தல், ஒப்புரவாதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாவநிவிர்த்தி. தீண்டாமை ஒழிப்பைச் சாதி இந்துக்கள் செய்யவேண்டிய பிராயச்சித்தம் என்று காந்தியடிகள் கூறினார். 1933-34ஆம் ஆண்டுகளில் அதற்காக நாடெங்கும் பயணம் செய்தார். அண்ணல் அம்பேத்கரோ, எங்களுக்கு வேண்டியது இரக்கமன்று, உரிமை என்றார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று இன்றும் ஏளனமாய்ப் பேசுவோர் உண்டு. பறித்த முதலைத் திருப்பித் தருவது சலுகையாகுமா? ஐந்தில் ஒரு பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்றே நான் சொல்வேன்.

இனிச் சிலுவைக்கு வருகிறேன். இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று எபிரெயர் நிருபம் கூறுகிறது. ஊருக்கு வெளியே வாழ்ந்த நமக்கு அந்த இடம் நன்கு தெரிந்த இடம். ஆனால் அவர் துரத்தப்பட்ட ஆடாக மட்டும் அங்கே போகவில்லை. தம் உயிரை ஒருவரும் பறிப்பதில்லை, தாமே அதைக் கொடுப்பதாக அவர் கூறியதை யோவான் எழுதியுள்ளார். விரும்பிக் கொடுப்பது தியாகம். கேளாமல் பறிப்பது கொள்ளை. அந்தப் பலி ஒரேதரம் செலுத்தப்பட்டு முடிந்தது என்றும் அதே நிருபம் கூறுகிறது. அப்படியாயின், இனி எந்த மனிதனையும் போக்காடாக்க எவருக்கும் உரிமையில்லை.

எவருக்கும் என்று சொன்னேன். அதில் நாமும் அடக்கம்.

என் வாழ்விலிருந்தே ஒன்று சொல்கிறேன். என் தமக்கையார் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டார். அவர் களையெடுத்துக் கொண்டுவந்த கூலியில் நான் படித்தேன், பட்டம் பெற்றேன், ஆசிரியனானேன். ‘தம்பிக்காகத் தியாகம் செய்தவள்’ என்று உறவினர் புகழ்வர். நானும் பல மேடைகளில் அவ்வாறே புகழ்ந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், தம் பேத்தி போட்ட கணக்கில் ஒரு பிழையை அவர் சுட்டிக்காட்டினார். நான் வியந்தேன். அவர் என்னைப் பார்த்து, “எனக்குக் கணக்கு நல்லா வரும், தம்பி. அந்த வருஷம் படிப்பை நிறுத்தினப்போ என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை” என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே என்னை அதிகமாய் வருத்தியது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மேடைதோறும் நான் தியாகம் என்று போற்றியது தியாகமன்று. எங்கள் வீட்டுக்குள்ளேயே நாங்கள் ஒரு போக்காட்டை வைத்திருந்தோம். இதனை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறேன். முதலைத் திருப்பித் தர என்னால் இயலாது. சென்ற ஆண்டுகள் மீளா. ஐந்தில் ஒரு பங்கையேனும் தரலாம் என்றெண்ணி, அந்தப் பேத்தியின் படிப்புச் செலவை, அவள் போதுமென்று சொல்லும்வரை, ஏற்றுக்கொண்டேன்.

இளைஞர்களே, உங்களுள் பட்டம் பெற்ற ஒவ்வொருவர் பின்னாலும் படிக்காமல் நின்றுபோன ஒருவர் இருக்கக்கூடும். வீட்டுக்குப் போய் அவரைக் கேளுங்கள். அண்ணன் தம்பியின் படிப்புக்காக ஒரு பெண்ணின் படிப்பு நம் தெருவில் இனி நிற்கலாகாது. சம்பளம் வாங்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பெண்பிள்ளையின் கட்டணத்தையும் புத்தகத்தையும் ஏற்க வேண்டும் என்று இச்சங்கத்தை வேண்டுகிறேன். நம்மினும் கீழென்று நாம் ஒதுக்கும் உட்பிரிவினரிடமும் நமக்குக் கடன் உண்டு, அதையும் மறவாதிருப்போம்.

என்னிடம் என்ன இருக்கிறது என்று எவரும் தயங்க வேண்டாம். ஆட்டுக்குட்டி தர இயலாதவன் இரண்டு புறாக்களைத் தரலாம். அதற்கும் இயலாதவன் சிறிது மாவைத் தரலாம் என்று லேவியராகமம் ஐந்தாம் அதிகாரம் இடம் கொடுக்கிறது. குழந்தை இயேசுவுக்காக ஆலயத்துக்குச் சென்ற அவர்தம் பெற்றோரும் ஏழைகளுக்குரிய பறவைக் காணிக்கையையே செலுத்தினார்கள். ஆகவே ஒருபிடி மாவுக்கும் அங்கே மதிப்புண்டு. அதனை விரும்பிக் கொடுப்போம். நம்மிடம் இருப்பதிலிருந்து கொடுப்போம். பிறரிடமிருந்து பறித்துக் கொடுக்காதிருப்போம்.