பட்டியலின் கடைசிப் பெயர்



கூட நின்றவர்களை எபிரெய வேதம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் ஞாயிறு பள்ளியில் பைபிள் படிச்சவன். அங்கே பர்சிலாவைப் பற்றி விரிவாகவே சொல்லிக் கொடுத்தாங்க. உரியா வந்ததும் வாத்தியார் வேகமாகத் தாண்டிப் போயிட்டார்.

பர்சிலா 80 வயசுப் பெரியவர், பெரும் பணக்காரர். அப்சலோம் கலகம் செய்து, தாவீது மக்னாயீமுக்கு ஓடி வந்தபோது, படுக்கை, பாத்திரம், கோதுமை, தேன் என்று கொண்டுவந்து கொடுத்தவர்களில் ஒருவர். தாவீது சாகும் தறுவாயில், பர்சிலாவின் பிள்ளைகள் உன் பந்தியில் சாப்பிடட்டும் என்று சாலொமோனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். நன்றி மறக்காத ராஜா! சரி.

உரியா யார்? ஏத்தியர், வெளி இனத்தவர். தாவீதின் படையில் ரப்பா முற்றுகையில் நின்றவர். அவர் மனைவி பத்சேபாளை ராஜா எடுத்துக்கொண்டான். அவள் கர்ப்பமானதும், மறைப்பதற்காக உரியாவை வரவழைத்து, வீட்டுக்குப் போ என்றான். தோழர்கள் வெட்டவெளியில் கிடக்கும்போது நான் மட்டும் எப்படிப் போவேன் என்று அவர் அரண்மனை வாசலிலேயே படுத்துக்கிட்டார். பிறகு ராஜா ஒரு கடிதம் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினான். தன் சாவு உத்தரவைத் தானே சுமந்துக்கிட்டுப் போனார். விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி அதுதான்.

இப்போது கவனியுங்கள். 2 சாமுவேல் 23இல் தாவீதின் வீரர்கள் பட்டியல் இருக்கிறது. கடைசிப் பெயர் உரியா. அதோடு, மொத்தம் 37 பேர் என்று கணக்கு முடிகிறது. ராஜாவின் புகழைப் பாட வந்த பட்டியல், ராஜா கொன்றவன் பெயரில் வந்து நிற்கிறது.

பின்னால் எழுதப்பட்ட நாளாகமத்தைப் பாருங்கள். 11ஆம் அதிகாரத்தில் அதே பட்டியல். உரியா இருக்கிறார், ஆனால் அவருக்குப் பிறகும் பெயர்கள் தொடர்கின்றன, கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். 20ஆம் அதிகாரத்தில் ரப்பா முற்றுகை இருக்கிறது, தாவீது எருசலேமில் தங்கியதும் இருக்கிறது. கொலை மட்டும் இல்லை. பெயரை வச்சுக்கிட்டுக் கதையை எடுத்துட்டாங்க. இதுவும் ஒரு வகை மரியாதைதான். அதிகாரம் செய்கிற மரியாதை.

இன்னொருவர் எபெத்மெலேக். எத்தியோப்பியர், அரண்மனை ஊழியர். 'அரசனின் அடிமை' என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தமே. பிரபுக்கள் எரேமியாவைச் சேற்றுக் குழியில் இறக்கியபோது, சிதேக்கியா ராஜாவிடம் நேரே போய், இது அநியாயம் என்று சொன்னவர் அவர். கயிறு அக்குளை அறுத்துவிடக் கூடாதென்று கந்தைத் துணிகளைத் தேடி எடுத்துவந்து, அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தூக்கினார். நகரம் விழும்போது நீ பிழைப்பாய் என்ற வாக்கு அவருக்குக் கிடைத்தது. அதைச் சொன்னவர் யார்? குழியிலிருந்து மீட்கப்பட்ட அதே எரேமியா. கந்தைத் துணி வரைக்கும் அந்தப் புத்தகம் மறக்கவில்லை.

தோழர்களே, நாமும் மேடைகளில் பெயர்கள் வாசிக்கிறோம், மௌனமாக நிற்கிறோம். நல்லது. ஆனால் பெயரை மட்டும் வாசிப்பது நாளாகமத்தின் வேலை. யார் கொன்றது, கடிதம் எழுதிய கை எது, கந்தைத் துணி கொண்டுவந்தது யார் - இதையும் சேர்த்து வாசிப்போம். கொன்ற கை நம்ம பக்கத்துக் கையாக இருந்தாலும் வாசிப்போம். சாமுவேல் எழுதியவனுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. நமக்கு இருக்கா?