நாட்டுத் துப்பாக்கி: மருந்து விஷயத்தில் எச்சரிக்கை



காட்டுப்பன்றியை விரட்ட, முறையாக லைசென்ஸ் வாங்கி, குழல் வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம்மிலே உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

சிலபேர் காசை மிச்சம் பிடிக்க, தீக்குச்சி மருந்தை உதிர்த்துப் போடுகிறார்கள். இது பெரிய ஆபத்துங்க. கரிமருந்தில் இருப்பது வெடியுப்பு. தீக்குச்சி முனையில் இருப்பதோ பொட்டாசியம் குளோரேட். உரசினாலே பற்றும். கம்பியால் இடிக்கும்போதே வெடித்துக் கையைப் பறித்துவிடும்; குழலையும் பிளந்துவிடும். லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலே மருந்து தயாரிப்பது குற்றமுங்கூட.

சுட்ட உடனே மறுபடி மருந்து போடாதீர்கள். குழலுக்குள்ளே கனல் தங்கியிருக்கும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? ஆளில்லாத திசையிலேயே குழலை நீட்டிப் பிடித்து, இரண்டு நிமிஷமாவது பொறுங்கள். குழல் வாயிலே எட்டிப் பார்க்கவே கூடாது. ஈரமான மருந்தை அடுப்போரம் காய வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பக்கத்தில் பீடி, சுருட்டு வேண்டாம்.

துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதாலேயே பன்றியைச் சுட்டுவிட முடியாது. அதற்கு 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. பயிர்ச்சேதம் ஏற்பட்டால் வனச்சரக அலுவலகத்தில் நஷ்டஈட்டுக்கு மனுக் கொடுங்கள்.

ஒரு பாத்திக் கடலை போனால் அடுத்த பட்டத்தில் விளைந்துவிடும். போன விரல் முளைக்காது.