விளையாட்டுப் பட்டறையில் தற்செயல்



வீடியோ கேம்களை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடாமல் ஒரு கலையாகவே மதித்து, அவற்றின் ஓர் அம்சத்தை இன்று பரிசீலிக்க விரும்புகிறேன். வாளையோ கவசத்தையோ பட்டறையில் கொடுத்து மேலும் சிறந்ததாக்க முயலும்போது, அது கைகூடுமா கூடாதா என்பதைத் தற்செயலின் வசம் விட்டுவிடும் ஏற்பாடு இந்த ஆட்டங்களில் நெடுநாளாக இருந்து வருகிறது. அந்தத் தற்செயல், ஆடுகிறவருடைய மனத்தில் இது நேரக்கூடியதுதான் என்ற நம்பிக்கையை உண்டாக்குகிறதா, அல்லது யாரோ மறைவில் பகடை உருட்டித் தம்மை வஞ்சித்துவிட்டார்கள் என்ற கசப்பை விட்டுச் செல்கிறதா என்பதே என் கேள்வி.

உண்மையான கைத்தொழிலிலும் தற்செயல் இல்லாமலில்லை. ஜப்பானிய வாட்கொல்லன் வாளின் முதுகில் கனமாகவும் வாய்ப்புறத்தில் மெல்லியதாகவும் களிமண் பூசி, நெருப்பின் நிறத்தைக் கண்ணாலேயே கணிக்கும்பொருட்டுப் பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு, பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்க்கும் அந்த ஒரு கணத்தில், அவனுடைய பிரயாசை முழுவதும் ஒரு விரிசலில் வியர்த்தமாகிவிடுவதுண்டு. விரைந்து குளிரும் வாய்ப்புறம் இறுகிக் கடினமாகும்போது சற்றே விரிகிறது. வாளுக்கு அந்த அழகிய வளைவைத் தருவதும் அதுவே, சில சமயம் வாளைப் பிளந்துவிடுவதும் அதுவே. ஆகவே தற்செயலுக்கு ஓர் இருப்பிடம் உண்டு. அது பொருளில் இருக்கிறது, நெருப்பில் இருக்கிறது, கையில் இருக்கிறது. அந்த இருப்பிடத்தை ஆட்டம் காட்டத் தவறினால் நம்பிக்கை கெடுகிறது.

2002-ஆம் ஆண்டில் கொரியாவில் வெளிவந்த ராக்னராக் ஆன்லைனை எடுத்துக்கொள்வோம். அங்கே கொல்லனிடம் கொடுத்து ஆயுதத்தைப் படிப்படியாக உயர்த்தலாம். தாழ்ந்த தரத்து ஆயுதத்துக்கு ஏழு படிவரை அபாயமில்லை. உயர்ந்த தரத்து ஆயுதத்துக்கோ நான்காம் படியோடு அந்த அபயம் முடிந்துவிடும். எஃகு கடினமாக ஆக, முறியும் சுபாவமும் அதற்குக் கூடுவதால், இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் முயற்சி தவறினால் ஆயுதம் அடியோடு மறைந்துவிடுகிறது; முறிந்த துண்டுமில்லை, மீண்டும் உருக்க இரும்புமில்லை. வாள் முறிந்ததென்றால் மனம் நம்பும். மாயமாய் மறைந்ததென்றால் நம்பாது.

இதற்கு மாறாக, 2013-இல் புத்துருவம் பெற்று வந்த ஃபைனல் ஃபேண்டசி பதினான்காம் ஆட்டத்தில் கைவினைஞராக ஆடிப் பார்த்தவர்கள் வேறோர் அனுபவத்தைச் சொல்வார்கள். அங்கே பொருள் ஒரே சொடுக்கில் பிறப்பதில்லை. ஒவ்வொரு செய்கைக்குப் பின்னும் அதன் நிலை மாறுகிறது: பெரும்பாலும் சாதாரணம், சில வேளை நன்று, அபூர்வமாக அதிசிறப்பு; அதிசிறப்பு வந்துவிட்டால் அடுத்தபடி மோசம் என்பது நிச்சயம். இந்த மாற்றம் தற்செயலானதுதான். எனினும் நிலை முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, கைவேலை அதன் பின்னரே வருகிறது. இப்பொழுதே தட்டுவதா, பொறுத்திருப்பதா, தேய்ந்துகொண்டே வரும் பொருளின் உறுதி இன்னும் எத்தனை அடி தாங்கும் என்று ஆடுகிறவர் தாமே யோசிக்கவேண்டியிருப்பதால், கெட்டுப்போன வேலைக்கும் அவர் தம்மையே பொறுப்பாளியாகக் கருதுகிறார். தற்செயலைத் தீர்மானத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல் அதற்கு முன்னால் வைத்த இந்த உபாயத்தையே நான் இக்கலையின் தலைசிறந்த சித்தியென்று மதிக்கிறேன்.

பொருளின் சுபாவத்தால் நம்பிக்கை ஊட்டுவதும் உண்டு. மைன்கிராஃப்டில் தங்க வாள் வெகு சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆனால் மந்திர சக்தியை ஏற்பதில் வைரமும் இரும்பும் அதற்குப் பிந்தியவையே. இளகிய உலோகம் எதையும் எளிதில் ஏற்கும் என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறது அந்த ஆட்டம்.

2006-இல் வந்த டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ், தற்செயலை மனிதனின் உள்ளத்திலேயே குடிவைத்தது. குள்ளத் தொழிலாளி ஒருவன் திடீரென்று ஆவேசம் வந்தவனாய்ப் பட்டறையைக் கைப்பற்றி, இன்ன கல் வேண்டும், இன்ன எலும்பு வேண்டும் என்று தேடி அலைகிறான். கிடைத்தால் அற்புதப் பொருளொன்றைப் படைக்கிறான், கிடைக்காவிட்டால் சித்தம் கலங்கிப்போகிறான். ஆடுகிறவரின் கட்டுப்பாட்டில் இல்லாத நிகழ்ச்சிதான். ஆனாலும் கலைஞர்களை அறிந்த யாரும் இதை நம்ப மறுக்கமாட்டார்கள்.

இத்தகைய ஆட்டங்களை உருவாக்கும் தொழிலில் இருக்கும் இளம் நேயர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். வெற்றி தோல்வி விகிதங்களைக் கணக்கிட்டு எழுதுவதற்கு முன், ஒரு கொல்லரிடமோ தச்சரிடமோ சென்று, வேலை எந்தக் கட்டத்தில் கெடும், கெட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டு வாருங்கள்.