யாப்பறிந்தார்க்கு நிரலாக்கம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

    

கணினி நிரலாக்கத்தின் அடிப்படைகளை அறவே அறியாதார்க்கும் விளங்குமாறு கூறவேண்டும் என்பது விழாக் குழுவினர் எனக்கு இட்ட பணி. இலக்கிய வட்டத்திற்கும் நிரலாக்கத்திற்கும் என்ன உறவு என்று உங்களுள் சிலர் வியக்கக் கூடும். நான் கணினித் துறையைச் சார்ந்தவள் அல்லள்; கல்லூரியில் தமிழ் பயிற்றுபவள். முனைவர் பட்டத்திற்கு யான் ஆய்ந்ததும் யாப்பிலக்கணமே. அந்த யாப்பின் வழியாகவே நிரலாக்கத்தை உங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன். அசை பிரிக்கத் தெரிந்த எவர்க்கும் நிரலாக்கத்தின் பாதி தெரியும் என்பது என் துணிபு.

கவிஞரின் மகள்

முதலில் சிறிது வரலாறு. ஆங்கிலக் கவிஞர் பைரனை நீங்கள் அறிவீர்கள். அவருடைய மகள் அடா 1815ஆம் ஆண்டு பிறந்தார். மறு ஆண்டே பைரன் இங்கிலாந்தை விட்டு நீங்கினார். தந்தை மகளை மீண்டும் காணவில்லை. வளர்ந்து அடா லவ்லேஸ் எனப் பெயர் பெற்ற அப்பெண்மணி, சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர் வரைந்த பகுப்பாய்வுப் பொறியைக் குறித்து 1843இல் விரிவான குறிப்புகள் எழுதினார். அப்பொறி பெர்னூலி எண்களைக் கணிக்க என்னென்ன செயல்களை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று அவற்றுள் அட்டவணை இட்டுக் காட்டினார். உலகின் முதல் நிரல் என்று பலரும் போற்றுவது அதுவே. அப்பொறியோ முழுமையாகக் கட்டப்படவே இல்லை. பொறி பிறக்கும் முன்னரே நிரல் பிறந்துவிட்டது.

அடா மற்றொன்றும் கூறினார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வது போல இப்பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்பது அவர் காட்டிய உவமை. துளையிட்ட அட்டைகளின் வரிசையே ஜக்கார்டு தறிக்கு ஆணை. எந்த இழை எழவேண்டும், எது எழலாகாது என்பதைத் துளை சொல்லும். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் ஜக்கார்டு இயங்குவதைக் கண்டவர்க்கு இவ்வுவமை உடனே விளங்கும். தறி அட்டையைப் படிக்கும். ஆனால் பூவின் அழகை அது அறியாது. கணினியும் அத்தகையதே.

நிரல் என்பது யாது?

ஒரு செயலைச் செய்து முடிப்பதற்குரிய கட்டளைகளை, ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்திற்கு இடமின்றி நிறுத்துவது நிரல். 'நிரல்' என்னும் சொல்லே வரிசை என்று பொருள்படும். நிரல்நிறை அணியை அறிந்த அவைக்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை.

மனிதர்க்குச் சொல்வதற்கும் கணினிக்குச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கருத்தில் கொள்ளவேண்டும். 'இந்தச் சீரை அலகிடுக' என்றால் நீங்கள் நொடியில் அலகிடுவீர்கள். குறில் எது, நெடில் எது, ஒற்று எதனோடு சேரும் என்பவற்றையெல்லாம் உங்கள் மனம் சொல்லாமலே செய்துகொள்ளும். கணினிக்குக் குறிப்பறியும் திறன் இல்லை. சொல்லாத ஒன்றை அது செய்யாது. சொன்னதைச் சொன்னவாறே செய்யும்.

இனி, சீரை அசையாகப் பிரிக்க ஒரு நிரலை நாமே தமிழில் எழுதிப் பார்ப்போம்.

1. சீரில் எஞ்சியுள்ளவற்றுள் முதல் எழுத்தை எடு.
2. அது நெடில் எனின், 'நேர்' என எழுது.
3. அது குறில் எனின், அடுத்த எழுத்தை நோக்கு. அடுத்தது குறிலோ நெடிலோ எனின், அதனையும் சேர்த்தெடுத்து 'நிரை' என எழுது. அன்றேல் 'நேர்' என எழுது.
4. அடுத்து நிற்கும் ஒற்றுகளை எல்லாம் அவ்வசையோடு சேர்.
5. எழுத்து எஞ்சியிருப்பின் 1ஆம் கட்டளைக்குத் திரும்பு, இல்லையேல் நிறுத்து.

'கணினி' என்னும் சொல்லையே இதனுள் இடுவோம். முதல் எழுத்து 'க', குறில். அடுத்தது 'ணி', அதுவும் குறில், எனவே நிரை. ஒற்று இல்லை. 'னி' எஞ்சியுள்ளது, ஆகவே முதற் கட்டளைக்குத் திரும்புகிறோம். அது குறில், அதற்கடுத்து எழுத்தில்லை, எனவே நேர். நிரை நேர், புளிமா. 'தாமரை'யை இட்டால் நேர் நிரை, கூவிளம் என வரும். ஐந்தே கட்டளைகளில் ஒரு நிரல் அமைந்துவிட்டது.

நிரலின் உறுப்புகள்

செய்யுளுக்கு உறுப்புகள் இருப்பது போல நிரலுக்கும் உறுப்புகள் உண்டு. நாம் எழுதிய சிறு நிரலிலேயே அவற்றைக் காணலாம்.

முதலாவது, வரிசை. இரண்டாம் கட்டளையை முதற் கட்டளைக்கு முன் வைத்தால் நிரல் பொருளற்றதாகும்.

இரண்டாவது, மாறி. 'எடுத்த எழுத்து' என்று நாம் சுட்டியது முதலில் 'க'வாக இருந்தது. பின்னர் 'னி'யாக ஆயிற்று. பெயர் ஒன்று, அது குறிக்கும் பொருள் இடந்தோறும் மாறும். 'அவன்' என்னும் சுட்டுப்பெயர் ஒரு கதையில் முருகனையும் மற்றொரு கதையில் கண்ணனையும் குறிப்பது போன்றது இது. தொடக்க நிலையினரை மருட்டும் ஓர் இடமும் இங்கு உண்டு. 'எண் = எண் + 1' என்று நிரலில் எழுதுவர். பள்ளிக் கணக்கில் இது பிழை. நிரலில் இதற்குச் சமன் என்று பொருளில்லை. 'எண்ணில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி மீண்டும் எண்ணிலேயே இடு' என்பது பொருள்.

மூன்றாவது, நிபந்தனை. 'எனின்', 'அன்றேல்' என்று நாம் எழுதியவை அவை. நூற்பாக்களில் விதியும் அதற்குப் புறனடையும் கண்டு பழகிய நமக்கு இது புதிதன்று.

நான்காவது, மடக்கு. ஐந்தாம் கட்டளை நம்மை முதற் கட்டளைக்கு மீட்டுச் செல்கிறது. மடக்கணியில் வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தருகிறது அல்லவா? நிரலின் மடக்கிலும் வந்த கட்டளையே மீண்டும் வரும். மாறி ஏற்கும் பொருள் வேறாகும். நிறுத்துதற்குரிய நிபந்தனையை மறந்தால் மடக்கு முடிவின்றிச் சுழலும்.

ஐந்தாவது, செயற்கூறு. 'குறில் எனின்' என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டோம். குறில் இன்னதென்பதை வேறோர் இடத்தில் ஒருமுறை வரையறுத்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் பெயரால் அழைப்பதே செயற்கூறு. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் நூன்மரபில் குற்றெழுத்து, நெட்டெழுத்து என்று பெயரிட்டுவிட்டுப் பின்வரும் இயல்களில் அப்பெயர்களால் மட்டுமே சுட்டிச் செல்கிறார். சுருக்கத்திற்கு அவர் கையாண்ட வழியும் இதுவே.

இவ்வைந்தும் தெரிந்தால் போதும். பைத்தான், சி, ஜாவா என்று மொழிகள் பல இருப்பினும் உறுப்புகள் இவையே. 2008இல் வெளிவந்த பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். 'எழில்' என்னும் நிரல்மொழியிலோ கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. அச்சிடுக என்பதற்கு அதில் 'பதிப்பி' என்று எழுதுவர். நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னுமாக, நம் மொழியின் தொடரமைப்பைத் தழுவி அது அமைந்துள்ளது.

பிழையும் திருத்தமும்

நம் நிரலில் ஒரு குறையை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். 'அம்மையார்' என்னும் சொல்லை இட்டுப் பாருங்கள். 'அம்' நேர், 'மை' நெடில், ஆதலின் நேர், 'யார்' நேர். தேமாங்காய் என்று நிரல் விடை தரும். அவையிலுள்ள கவிஞர்கள் இதற்குள் தலையசைத்து மறுப்பதைக் காண்கிறேன். இடையில் வரும் ஐகாரம் குறுகும், எனவே 'மையார்' நிரை, சீர் கூவிளம். மூவசையாகத் தவறாகப் பிரிந்தது ஈரசைச் சீர்.

கணினி தவறு செய்யவில்லை. ஐகாரக் குறுக்கத்தை நாம் அதற்குச் சொல்லவில்லை. 'சீரின் முதலில் அல்லாத ஐகாரத்தைக் குறிலாகக் கொள்' என்று ஒரு கட்டளை சேர்த்தால் குறை நீங்கும். இவ்வாறு சோதிப்பதும் திருத்துவதுமே நிரலாளரின் அன்றாடத் தொழில். எழுதும் நேரத்தினும் திருத்தும் நேரம் மிகுதி. வெண்பாவின் ஈற்றுச்சீர் மற்றொரு சோதனை. அங்கே வரும் 'காசு' என்பதை நம் நிரல் தேமா என்றே கூறும். அது வெண்பாவின் ஈறு என்பதையும், சொல் குற்றியலுகரத்தில் முடிகிறது என்பதையும் அறிவித்தாலன்றிக் காசு என்னும் வாய்பாடு அதற்குப் புலப்படாது.

இங்கே ஓர் உண்மையை எண்ணிப் பாருங்கள். நிரலாக்கத்தில் பெரும்புலமை பெற்ற ஒருவர், யாப்பறியாதவராயின், 'அம்மையார்' தேமாங்காய் என்று விடை வந்தபோது மகிழ்ந்து எழுந்து போயிருப்பார். பிழையைப் பிழையென்று கண்டது இந்த அவையின் செவி.

நாம் விலகி நின்றால்

இதனை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 'அம்மா' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று குழந்தையும் சொல்லும். கணினியைக் கேட்டால் பெரும்பாலும் ஐந்து என்னும். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் உயிர்மெய்கள் அதில் தனித்தனி எழுத்துகளாக இடம்பெறவில்லை. அகர உயிர்மெய் ஒரு குறி; கால், கொம்பு, புள்ளி ஆகியவை வேறு குறிகள். அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்தாக எண்ணுகிறது கணினி. இதனை அறியாமல் ஒரு தொடரை நடுவே வெட்டும் மென்பொருள், மெய்யைப் புள்ளியிழக்கச் செய்துவிடும். ஆகவே நம் அசை நிரலுக்கும் முதல் வேலை, சிதறிய குறிகளைக் கூட்டி எழுத்தாக்கும் ஒரு செயற்கூறு எழுதுவதே.

அகரவரிசையும் அவ்வாறே. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியமையால், ஒருங்குறியில் னகரம் பகரத்திற்கு முன்னும், ழகரம் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. குறியெண்களின்படி மட்டும் வரிசைப்படுத்தினால் 'அன்பு' முந்தும், 'அப்பம்' பிந்தும். 'அழகு' முந்தும், 'அவல்' பிந்தும். நம் அகராதிகளில் இவை நேர்மாறு. தமிழ் நெடுங்கணக்கிற்குரிய வரிசை விதிகள் தனியே வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கையாளவேண்டும் என்று அறிந்தவர் நிரல் எழுதினால் வரிசை செம்மையாகும். அறியாதவர் எழுதினால் ஒரு நூலின் சொல்லடைவே முறை பிறழும். அதனைப் படித்து வளரும் பிள்ளை அந்த வரிசையையே சரியென்று நம்பும்.

இலக்கண நூல்கள் வகுத்த விதிகளை இதுநாள்வரை மனிதர் மனிதர்க்குக் கற்பித்தனர். இன்று அவ்விதிகள் நிரல்களுள்ளும் எழுதப்படுகின்றன. எழுதுவோர் தமிழறிந்தாரா அல்லரா என்பதே வினா. யாப்பை அலகிடும் 'அவலோகிதம்' போன்ற மென்பொருள்கள், இலக்கணமும் நிரலும் ஒருவரிடத்தே சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குச் சான்று.

2022ஆம் ஆண்டின் இறுதி முதல் பொதுமக்கள் கைக்கு வந்துள்ள உரையாடும் மென்பொருள்கள் கேட்டவுடன் கவிதையும் எழுதித் தருகின்றனவே, இனி நாம் கற்பானேன் என்று சிலர் வினவுவர். அவை நாம் எழுதியது போன்ற யாப்பு விதிகளை வரிசையாகப் பின்பற்றிப் பாடுவன அல்ல. பெருந்தொகையான எழுத்துகளைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துத் தொடுப்பன. ஆகவே தளை தட்டும் நான்கடியையும் வெண்பா என்று தயங்காமல் நீட்டக் கூடும். தட்டுகிறதா என்று சோதிக்க விதி வேண்டும். விதியைச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

ஒன்றை மறவாது கூறவேண்டும். நம் நிரல் தளை பார்க்கும், கவிதை பார்க்காது. தளை தட்டாத வெறுஞ்சொல் அடுக்கையும் அது வெண்பா என்றே ஒப்பும். பொறி தானாக எதனையும் தோற்றுவிக்காது, நாம் ஆணையிடத் தெரிந்ததையே செய்யும் என்று 1843இலேயே எழுதினார் அந்தக் கவிஞரின் மகள். இன்றைய பொறிகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று அறிஞர் வாதிடலாம். நம் ஐந்து வரி நிரலுக்கு அது முற்றும் பொருந்தும்.

எனவே இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டிற்கு ஒரு பணியை முன்மொழிகிறேன். நம்முள் நால்வர் ஐவர் ஒரு குழுவாகச் சேர்வோம். கணினி பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளையும் உடன் அமர்த்துவோம். வெண்பாவின் சீர், தளை, ஈறு ஆகிய ஒவ்வொன்றையும் ஐயமறத் தமிழில் எழுதுவோம்; பிள்ளைகள் அதனை நிரலாக்கட்டும். அவர்கள் நம்மிடம் ஐகாரக் குறுக்கம் கற்பார்கள். நாம் அவர்களிடம் மடக்கு கற்போம். நம் பத்தாண்டுக் கவிதைகளையே அந்நிரலுக்கு முதற் சோதனையாக இடுவோம். விடை எதுவாயினும் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை மட்டும் வேண்டும்.